திருகோணமலையில் ஊரோடு சேர்ந்து கற்பிக்க விரும்பும் ஆசிரியருக்கு

சமூக நீதியை நோக்கிய கற்பித்தலை வாழ்நாள் தொழிலாக எடுக்க விரும்புபவர் முதலில் தமது சம்பளத்துக்கு ஒரு வழியை உறுதிசெய்துகொள்ள வேண்டும். திட்ட நிதி தீர்ந்ததும் வகுப்பும் நின்றுபோகும் தொண்டு நிறுவன வேலையைவிட, கல்வியியற் கல்லூரி வழியாகவோ பட்டதாரி நியமனம் வழியாகவோ பாடசாலைக்குள் நுழைந்து, மாலையிலும் வார இறுதியிலும் கிராமத்தில் இயங்குவதே நீடிக்கும் என்பது என் கருத்து. வலயக் கல்வி அலுவலகத்தின் முறைசாராக் கல்விப் பிரிவுக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டால் பின்னாளில் வரும் கேள்விகள் குறையும்.

ஊரைத் தெரிவுசெய்த கையோடு பாடத்திட்டம் எழுத உட்கார வேண்டாம். கிராம அலுவலரையும் மாதர் சங்கத்தையும் கடற்றொழிலாளர் சங்கத்தையும் சந்தித்து, யாருக்கு எப்போது ஓய்வு என்று கேளுங்கள். குச்சவெளிக் கரையில் வாடைக் காற்றோடு கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வளர்ந்தோர் வகுப்புக்கு ஆள் சேரும். கரைவலைக் காலத்தில் சேராது. மூதூரில் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாகப் படிக்க வேண்டுமானால், கோயில் மண்டபத்தையோ பள்ளிவாசல் வளாகத்தையோ விடுத்துப் பொதுக் கட்டடமொன்றைக் கேட்டுப் பெற்று, மஃரிப் தொழுகை நேரத்தை விலக்கி வகுப்பை வையுங்கள். 2006இல் இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் திரும்ப முடியாதிருந்த சம்பூரில் படிப்பு இடையில் அறுந்தவர்கள் இன்று பெற்றோராக இருப்பதால், அங்கே பிள்ளைகளுக்கு மட்டும் வகுப்பு நடத்துவது பாதி வேலையே.

முதல் வகுப்புக்குப் புத்தகம் தேவையில்லை. வீட்டில் விளங்காமல் கிடக்கும் தாளொன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள்: நுண்கடன் தவணைப் புத்தகம், காணி அனுமதிப்பத்திரம், மீன் முதலாளி எழுதிக் கொடுத்த துண்டு. அந்தத் துண்டில் நிறை, விலை, முற்பணக் கழிவு என்று மூன்று வரிதான் இருக்கும். இவ்வளவு கழிந்தது எப்படி என்று ஒருவர் கேட்கத் தொடங்கினால் கழித்தலும் வீதமும் தாமாகவே பாடமாகிவிடும். 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற ஊரில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேயிரே தொழிலாளருக்கு எழுத்தறிவித்ததும் அவர்களுடைய அன்றாடச் சொற்களைக் கொண்டுதான்.

அடுத்தது விண்ணப்பம் எழுதுதல். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அரச அலுவலகத்திடம் தகவல் கேட்பவர் காரணம் கூறத் தேவையில்லை. எழுத இயலாதவர் வாயால் கூறினால் அதனை எழுதிக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை. இருந்தாலும், தாமே எழுதிக் கொடுத்தவர் அலுவலக வாசலில் நிற்கும் விதமே வேறு. கேள்வியை ஒன்றாகச் சுருக்கவும், பிரதி வைத்திருக்கவும், பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கவும் பழக்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு வராவிட்டால் மேன்முறையீட்டைக் கேட்பதற்கென அங்கே நியமிக்கப்பட்ட ‘குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு’ மேன்முறையீடு எழுதுவதையே அடுத்த பாடமாக வைத்துக்கொள்ளலாம்.