கீசரை 60 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பிளம்பர் வேலைக்குப் போகிற வீடுகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: “தம்பி, கரண்ட் பில் தாங்கவில்லை. கீசரை 45க்கு இறக்கி வைத்துவிடலாமா?”

வேண்டாம் அம்மா. பில்லைக் குறைக்க வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

லெஜியோனெல்லா என்றொரு பாக்டீரியா. 1976இல் பிலடெல்ஃபியா ஓட்டல் ஒன்றில் நடந்த முன்னாள் படைவீரர் மாநாட்டுக்கு வந்தவர்களிடையே பரவிய நிமோனியாவை ஆராயப் போய்த்தான் இது பிடிபட்டது. 20 முதல் 45 டிகிரி வரை உள்ள தண்ணீரில் வளரும். 60 டிகிரியில் இரண்டே நிமிடத்தில் பத்தில் ஒன்பது பங்கு செத்துவிடும். 50 டிகிரியில் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 45இல் வைத்தால் நாமே வளர்க்கிறோம் என்று அர்த்தம். இதனால் வரும் நிமோனியா பெரும்பாலும் தண்ணீரைக் குடிப்பதால் வருவதில்லை. ஷவரிலிருந்து பறக்கும் நுண்ணிய துளிகளை மூச்சில் இழுப்பதால் வருகிறது. வயதானவர்கள், சிகரெட் பிடிப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள் இதற்கு எளிதில் ஆளாகிறார்கள். நம் சனங்களில் சர்க்கரை இல்லாத வீடு எத்தனை?

சரி, முதலில் அளந்து பாருங்கள். கீசர் சூடாகி நின்றதும், அதற்குப் பக்கத்தில் உள்ள வெந்நீர்க் குழாயை ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஒரு குவளையில் பிடித்து, சமையலறைத் தெர்மாமீட்டரை வையுங்கள். 50க்குக் குறைவாகக் காட்டினால் தெர்மோஸ்டாட்டைப் பார்க்க வேண்டும். சூட்டைக் கட்டுப்படுத்தும் அந்தக் கருவி, கூரைக்குள் படுத்திருக்கும் கீசரின் ஒரு முனையில், மூடிக்கு உள்ளே இருக்கும். சின்னத் திருகை 60க்குத் திருப்பினால் போதும். ஆனால் டிபி போர்டில், அதாவது வீட்டு மின் சுவிட்சுப் பெட்டியில், கீசர் சுவிட்சை அணைக்காமல் அந்த மூடியைத் தொடவே கூடாது. பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

60 டிகிரித் தண்ணீர் ஐந்தாறு நொடியில் தோலை வேகவைத்துவிடும். குழந்தைகளும் வயதானவர்களும் உள்ள வீட்டில் ஷவருக்கு முன்னால் மிக்ஸிங் வால்வு போட்டே ஆக வேண்டும். டாங்கில் சூடு இருக்கட்டும், குழாயில் வரும்போது பச்சைத் தண்ணீர் கலந்து வரட்டும். இந்த வால்வுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

இப்போது பில். கீசருக்கென்றே உள்ள, சூடு காக்கும் போர்வையைச் சுற்றுங்கள், வெந்நீர் பைப்புக்கும் உறை போடுங்கள். டைமர் வைத்தாலும் தவறில்லை, ஆனால் குளிப்பதற்கு முன் முழுச் சூடு வரும்படி வையுங்கள். 150 லிட்டர் கீசரில் 3 கிலோவாட் எலிமென்ட் இருந்தால், 20 டிகிரித் தண்ணீர் 60க்கு வர ஏறக்குறைய 2 மணி 20 நிமிடம் ஆகும். அரை மணி போட்டு அணைப்பது வெதுவெதுப்பில் நிறுத்துவதுதான்.

அடுத்தது, தண்ணீர் தேங்கக் கூடாது. கொல்லைப்புற அறையில் ஒரு ஷவர் இருக்கும். குட் ஃப்ரைடேக்கு மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோயிலுக்கு உறவுக்காரர்கள் வந்தால்தான் அது திறக்கும். அந்தப் பைப்பில் மாதக்கணக்கில் நிற்கும் தண்ணீரைத்தான் வந்தவர்கள் முதல் நாள் மூச்சில் இழுக்கிறார்கள். வாரம் ஒரு முறை வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டையும் சில நிமிடம் ஓடவிடுங்கள். துளி பறக்காமல் ஷவர் தலையை ஒரு பக்கெட்டுக்குள் இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். யாருமே பயன்படுத்தாத பைப் என்றால், கிளை பிரியும் இடத்திலேயே வெட்டி மூடச் சொல்லுங்கள்.

குழாயில் தண்ணீர் வருவது நின்றுபோய்த் திரும்பி வரும்போதும் இதே கவனம் வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, டர்பனுக்கு வடக்கே டோங்காட் வீடுகளில் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் போனது நினைவிருக்கும். தண்ணீர் வந்ததும் முதலில் தோட்டத்துக் குழாயைத் தெளியும் வரை ஓடவிடுங்கள். அப்புறம் உள்ளே பச்சைத் தண்ணீர், கீசர் முழுச் சூடானதும் கடைசியாக வெந்நீர். ஷவர் தலையைக் கழற்றிப் பிரஷ்ஷால் தேய்த்து, ஜிக் (பிளீச்) கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். ஜிக்கோடு வினிகரை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், விஷ வாயு வரும்.

ஜோஜோ டாங்க், அதாவது வெளியே வைக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, வெயிலில் நிற்பதால் நம் ஊர்க் கோடையில் உள்ளே தண்ணீர் 20க்கு மேல்தான் இருக்கும். மூடி இறுக்கமாக, வலை கிழியாமல், அடியில் வண்டல் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரை ஷவருக்கு இணைக்காதீர்கள். செடிக்கும் கழிப்பறைக்கும் போதும்.

வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் என்று வந்தால், ரொம்ப நாள் திறக்காத ஷவரில் குளித்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். குளித்து இரண்டு வாரம் வரைகூட ஆகியிருக்கலாம். பென்சிலின் வகை மருந்துகள் லெஜியோனெல்லாவுக்குக் கேட்காது. சிறுநீர்ப் பரிசோதனையில் கண்டுபிடிக்க வழி உண்டு, அதையும் கேளுங்கள்.