ஆர்பிஎம்மையும் பிட்ச்சையும் வைத்துப் படகின் வேகத்தைக் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

படகின் பின்னால் மாட்டும் 150 எச்பி அவுட்போர்டு எஞ்சின், 19 பிட்ச் ப்ரொப்பெல்லர், 5,500 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 5,500 சுற்று. படகு எவ்வளவு வேகம் போகும்? எஞ்சின் வாங்கப் போகிறவரும் சரி, ப்ரொப்பெல்லரை மாற்ற நினைப்பவரும் சரி, முதலில் கேட்பது இதைத்தான். கணக்கு எளிது. ஆனால் அதில் போடும் ஒவ்வொரு எண்ணிலும் வழுக்கி விழ ஒரு இடம் இருக்கிறது. அதைவிட முக்கியமான விஷயம், இந்தக் கணக்கு எதற்காக என்பதையே பலர் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு ஸ்க்ரூவை மரத்தில் திருகினால் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று உள்ளே இறங்கும். தண்ணீரும் மரம்போல இறுகி நின்றால், ஒரு சுற்றுக்கு ப்ரொப்பெல்லர் எவ்வளவு முன்னே போகுமோ அதுதான் பிட்ச். 19 பிட்ச் என்றால் சுற்றுக்கு 19 இஞ்ச். எஞ்சின் 5,500 முறை சுற்றினாலும் ப்ரொப்பெல்லர் அத்தனை முறை சுற்றாது, நடுவில் கியர் இருக்கிறது. மெர்க்குரி 150 ஃபோர்ஸ்ட்ரோக்கில் கியர் விகிதம் 1.92. ஆக, 5,500-ஐ 1.92-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 2,865 சுற்று. அதை 19-ஆல் பெருக்கி, 1,215-ஆல் வகுத்தால் நாட் கணக்கில், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல் என்று, வேகம் கிடைக்கும்: 44.8 நாட். 656-ஆல் வகுத்தால் கிலோமீட்டரில் வரும்: மணிக்கு 83.

இந்த 44.8 நாட்டை யாரும் கடலில் பார்க்கப் போவதில்லை. தண்ணீர் மரம் அல்ல. ப்ரொப்பெல்லர் தண்ணீரைப் பின்னால் தள்ளித்தான் படகை முன்னால் கொண்டுபோகிறது, அப்படித் தள்ளும்போது தண்ணீர் கொஞ்சம் விலகிக்கொடுக்கும். கணக்குச் சொன்ன வேகத்துக்கும் உண்மையான வேகத்துக்கும் உள்ள இடைவெளியை ஸ்லிப் என்கிறோம். இதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். ஸ்லிப் பூஜ்ஜியம் என்றால் தள்ளுவிசையும் பூஜ்ஜியம். தண்ணீரின் மேல் எழும்பி ஓடும் சாதாரணப் படகில் 10 முதல் 15 சதவீதம் இருக்கும். பாரம் ஏற்றிய கனத்த படகில் 30, 40-ஐயும் தாண்டும்.

சரி, 44.8-ல் 12 சதவீதத்தைக் கழித்தால் 39.4 நாட். முடிந்ததா? இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது.

5,500 எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் எஞ்சின் கையேட்டிலிருந்து. இந்த எஞ்சினுக்கு முழு த்ராட்டிலில், அதாவது விசையை முழுக்கத் தள்ளி ஓட்டும்போது, 5,000 முதல் 5,800 ஆர்பிஎம் வரை என்று போட்டிருக்கும். அதிலிருந்து ஒரு எண்ணை எடுத்துக் கணக்கில் போட்டுவிடுகிறோம். ஆனால் உங்கள் படகில் இந்த எஞ்சினால் இந்த ப்ரொப்பெல்லரை அத்தனை வேகமாகச் சுற்ற முடியுமா என்பதை இந்தக் கணக்கு பார்ப்பதே இல்லை. அதில் எச்பிக்கும் இடமில்லை, படகின் எடைக்கும் இடமில்லை. 40 எச்பி எஞ்சினில் 25 பிட்ச் ப்ரொப்பெல்லரை மாட்டியதாக எழுதினாலும் அது சளைக்காமல் ஒரு வேகத்தைச் சொல்லும்.

"பிட்ச்சைக் கூட்டினால் வேகம் கூடும்" என்ற நம்பிக்கை இந்த ஓட்டையிலிருந்து வருவதுதான். 19-க்குப் பதில் 21 போட்டால் கணக்கில் வேகம் 10 சதவீதம் ஏறுகிறது. தண்ணீரிலோ, பிட்ச் ஒரு இஞ்ச் கூடினால் முழு த்ராட்டிலில் ஆர்பிஎம் 150 முதல் 200 வரை இறங்கும். எஞ்சின் ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்தால் வேகமும் சேர்ந்தே இறங்கும். கையேடு சொன்ன வரம்புக்குக் கீழே நாள் முழுக்க முழு த்ராட்டிலில் ஓட்டுவது, வண்டியை மேட்டில் நான்காவது கியரில் உறும உறும ஏற்றுவது போலத்தான். எஞ்சின் உள்ளுக்குள் அடி வாங்கும்.

எச்பியையும் எடையையும் கணக்கில் எடுக்கும் வேறொரு சூத்திரம் இருக்கிறது. 1924-இல் அமெரிக்காவின் கோல்டு கப் பந்தயத்தை வென்ற பேபி பூட்லெகர் படகை வடிவமைத்த ஜார்ஜ் கிரவுச்சின் பெயரில் வழங்குவது. படகின் மொத்த எடையை பவுண்டில் எடுத்து, எச்பியால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, அதனால் ஒரு மாறிலியை வகுக்க வேண்டும். விடை மணிக்கு இத்தனை மைல் என்று வரும். சாதாரணப் படகுக்கு மாறிலி 150, இலகுவான வேகப் படகுக்கு 190. நம் படகு ஆட்களோடும் எரிபொருளோடும் 1,500 கிலோ, அதாவது ஏறக்குறைய 3,300 பவுண்டு என்று வையுங்கள். 3,300-ஐ 150-ஆல் வகுத்தால் 22, அதன் வர்க்கமூலம் 4.69. மாறிலி 150 என்றால் 32 மைல், 190 என்றால் 40.5 மைல். நாட் கணக்கில் சொன்னால் 28-லிருந்து 35 வரை.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று 39 என்கிறது, இன்னொன்று 35-ஐத் தாண்டாது என்கிறது. நான் இரண்டாவதைத்தான் நம்புவேன். 19 பிட்ச்சில் இந்தப் படகு 5,500-ஐ எட்டாது. 5,000 அளவில் நின்றுவிடும். அந்த ஆர்பிஎம்முக்குக் கணக்கு 40.7 நாட் தரும், படகு 35 போகும், ஸ்லிப் 14 சதவீதம். எல்லாம் பொருந்துகிறது. எஞ்சின் தன் வரம்பின் அடி ஓரத்தில் நிற்கிறது என்பதும் தெரிகிறது. 17 பிட்ச் மாட்டினால் 5,300, 5,400 வரை எழும்பும். உச்ச வேகம் ஏறத்தாழ அதே அளவில் இருக்கும், ஆனால் படகு கிளம்பி எழும்பும் விதமே மாறிவிடும்.

அதனால் இந்தக் கணக்கை வேகத்தை முன்கூட்டிச் சொல்லும் ஜோசியமாகப் பயன்படுத்தாதீர்கள். ஆர்பிஎம்மைத் தண்ணீரில் அளந்து, வேகத்தை ஜிபிஎஸ்ஸில் அளந்து, இரண்டையும் போட்டு ஸ்லிப்பைக் கண்டுபிடியுங்கள். படகின் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லும் தெர்மாமீட்டர் அது.

கியர் விகிதமும் முத்திரையும்

"150 எச்பி வகையறா எஞ்சின்தானே, கியர் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது. சுஸுகி டிஎஃப்140-இல் விகிதம் 2.59. அதே 5,500, அதே 19 பிட்ச் போட்டால் வருவது 33.2 நாட். மெர்க்குரிக்கு வந்ததைவிட 11 நாட்டுக்கு மேல் குறைவு. இதனால் சுஸுகி மெதுவான எஞ்சின் ஆகிவிடாது. அதன் வரம்பு 5,600 முதல் 6,200, மாட்டும் பிட்ச்சும் பெரிதாக இருக்கும். பக்கத்துப் படகுக்காரர் 19 போட்டு நன்றாகப் போகிறது என்கிறார் என்பதற்காக வாங்கிவிடாதீர்கள்.

ப்ரொப்பெல்லரின் நடுக்குழலில் 13 1/2 x 15 என்பதுபோல அடித்திருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவதுதான் பிட்ச். மாற்றிப் படிப்பவர்கள் நிறைய. யமஹாவில் கடைசியில் வரும் எழுத்து ப்ரொப்பெல்லரின் வகையைக் குறிக்கும், அளவை அல்ல. சரியாகப் படித்தாலும் அந்த எண் ப்ரொப்பெல்லர் புதிதாக வந்த அன்றைய எண். பாறையில் இடித்து, பட்டறைக்குப் போய், தட்டி நிமிர்த்தி வந்த ப்ரொப்பெல்லரில் 19 என்ற முத்திரை அப்படியே இருக்கும். உண்மைப் பிட்ச் 18-ஆகவோ 20-ஆகவோ மாறியிருக்கலாம். இறக்கையின் பின் விளிம்பில் கரண்டி ஓரம்போல வளைவு கொடுத்திருந்தால், அது பிட்ச் கூடியதுபோல வேலை செய்து ஆர்பிஎம்மைக் குறைக்கும். அலுமினிய இறக்கை அழுத்தத்தில் கொஞ்சம் வளையும், ஸ்டெயின்லெஸ் அவ்வளவாக வளையாது. ஒரே எண் போட்ட இரண்டு ப்ரொப்பெல்லர் இரண்டு விதமாக ஓடுவது இதனால்தான்.

ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டர் பொய் சொல்லும்

பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின் போட்ட ஒரு படகை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். முழு த்ராட்டிலில் முள் 4,500-இல் நின்றது. கியர் விகிதம் 2, பிட்ச் 17. கணக்குப்படி 31.5 நாட். ஜிபிஎஸ்ஸில் 33.5. திரும்பி எதிர்த்திசையில் ஓட்டினேன், அதே எண். ஸ்லிப் மைனஸ் 6 சதவீதம், அதாவது ப்ரொப்பெல்லர் தள்ளியதைவிடப் படகு அதிக தூரம் போயிருக்கிறது. நடக்காத விஷயம். ஸ்லிப் மைனஸில் வந்தால் நாம் போட்ட எண்களில் ஒன்று தப்பு என்று அர்த்தம்.

டேஷ்போர்டைக் கழற்றி மீட்டரின் முதுகைப் பார்த்தோம். சிறிய சுழல் சுவிட்ச் ஒன்று, உப்பு பூத்துப்போய், 6 என்ற இடத்தில் இருந்தது. இந்த வகை மீட்டர் எஞ்சினின் சுற்றை நேரடியாக எண்ணுவதில்லை. எஞ்சினில் உள்ள ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு இத்தனை துடிப்பு என்று அனுப்பும், மீட்டர் அதை அந்தச் சுவிட்ச் காட்டும் எண்ணால் வகுக்கும். அந்த எஞ்சின் அனுப்பியது சுற்றுக்கு 5 துடிப்பு. ஆக, 5,400-இல் ஓடிய எஞ்சினை மீட்டர் 4,500 என்று காட்டிக்கொண்டிருந்தது. 5,400-ஐப் போட்டால் கணக்கு 37.8 நாட், ஸ்லிப் 11 சதவீதம். எல்லாம் ஒழுங்காக அமைந்துவிட்டது.

எஞ்சின் ஆர்பிஎம் ஏறவில்லை என்று நினைத்து, படகின் சொந்தக்காரர் ஏற்கெனவே 15 பிட்ச் ப்ரொப்பெல்லர் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அதை மாட்டியிருந்தால் எஞ்சின் 5,700-ஐத் தாண்டியிருக்கும், அதன் உச்ச வரம்போ 5,500. மீட்டரும் 4,800 அளவில்தான் காட்டியிருக்கும், அவரும் நிம்மதியாக ஓட்டியிருப்பார்.

நாட்டா, மைலா

இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கக் கணக்குகளில் 1,215-க்குப் பதில் 1,056 இருக்கும். அது தரை மைல். ஜிபிஎஸ் நாட் கணக்கில் இருக்க, கணக்கு தரை மைலில் இருந்தால் 10 சதவீத ஸ்லிப் 22 ஆகத் தெரியும். அப்புறம் நல்ல ப்ரொப்பெல்லரைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். எண்கள் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட இருப்பதால் இந்தத் தவறு கண்ணில் படுவதே இல்லை.

ஜிபிஎஸ் காட்டுவது தரையை ஒப்பிட்ட வேகம். 3 நாட் நீரோட்டத்தில் 20 நாட் படகு ஒரு பக்கம் 23, மறு பக்கம் 17 காட்டும். இரு திசையிலும் ஓட்டி, வேகங்களைக் கூட்டி இரண்டால் வகுங்கள். ஒரு கடல் மைலை ஓடி நேரம் பார்க்கிறவர்கள் நேரங்களைச் சராசரி எடுக்கக் கூடாது, அப்படி எடுத்தால் 20-க்குப் பதில் 19.5 அளவில் வரும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேகத்தைக் கண்டுபிடித்து, அப்புறம் சராசரி எடுக்க வேண்டும்.

பாதி ஆர்பிஎம், பாதி வேகமா?

5,000-இல் 35 நாட் போகும் அந்தப் படகு 2,500-இல் 17.5 போகாது. மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்னால் பெரிய அலையை இழுத்துக்கொண்டு, ஒற்றை இலக்க வேகத்தில்தான் தவழும். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் நிலையும், தண்ணீரின் மேல் ஏறி ஓடும் நிலையும் இரண்டு வேறு உலகம். ஒன்றில் எடுத்த ஸ்லிப் மற்றதற்குப் பொருந்தாது.

நம் கடற்கரை ஃபைபர் படகில் இதைத் தினமும் பார்க்கலாம். 40 எச்பி எஞ்சின், கியர் 2, பிட்ச் 13, 4,000 ஆர்பிஎம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு 21.4 நாட். காலிப் படகு எழும்பி ஓடி 17, 18 எடுத்தால், ஸ்லிப் 18 சதவீதம் அளவில் இருக்கும். வலை, ஐஸ், மீன், ஐந்து ஆள் என்று நிறைந்து திரும்பும்போது அதே 4,000-இல் படகு எழும்பாமல் 12 நாட் வேகத்தில் வந்தால் ஸ்லிப் 44 சதவீதம். ப்ரொப்பெல்லர் அதேதான், எஞ்சினும் அதேதான். காலிப் படகை வைத்து, கரை திரும்பும் நேரத்தையும் பெட்ரோலையும் கணக்குப் போடுவதுதான் ஆபத்து. போகும் வேகத்தை அல்ல, திரும்பும் வேகத்தை அளந்து வையுங்கள்.

கடைசியாக, ஸ்லிப்போடு குழப்பிக்கொள்ளும் இரண்டு விஷயங்கள். ஒன்று, காற்று. எஞ்சினை உயரமாக மாட்டியிருந்தாலோ, ட்ரிம்மை, அதாவது எஞ்சினின் சாய்வை, மிகவும் தூக்கிவிட்டாலோ, வளைவில் ப்ரொப்பெல்லர் மேற்பரப்புக் காற்றை உறிஞ்சும். ஆர்பிஎம் குபீரென்று எகிறும், படகு தளர்ந்துவிடும். ட்ரிம்மை இறக்கினால் சரியாகிவிடும்.

மற்றது, நடுக்குழலுக்குள் இருக்கும் ரப்பர். பல ப்ரொப்பெல்லர்களில் தண்டோடு சுற்றும் உள் குழாய்க்கும் வெளிக் குழாய்க்கும் நடுவில் ரப்பர் அழுத்திப் பொருத்தியிருக்கும். இடி பட்டால் கியர் உடையாமல் காப்பது அதுதான். அது பிடி விட்டுப்போனால் மெதுவாகப் போகும்போது எதுவும் தெரியாது. த்ராட்டிலைத் தள்ளியதும் எஞ்சின் அலறும், படகு நகராது. கணக்குப் போட்டால் ஸ்லிப் 40, 50 என்று வரும், பிட்ச் போதவில்லை என்று தோன்றும். சந்தேகம் இருந்தால் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ப்ரொப்பெல்லரின் பின்பக்கம் உள் குழாயிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளிக் குழாய் வரை பெயின்ட் மார்க்கரால் நேராக ஒரு கோடு போடுங்கள். காய்ந்ததும் ஒரு சுற்று முழு த்ராட்டிலில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி இங்கேயும் மறு பாதி அங்கேயும் நின்றால், கோளாறு அந்த ரப்பரில் இருக்கிறது, பிட்ச்சில் அல்ல.