கிணத்து மூடியை ஒரு தரம் மட்டும் பார்ப்பது எப்படி

2012 இல் என் மூத்தவனுக்கு ஒன்பது மாதம். மீளக்குடியேறி முள்ளியவளைப் பக்கம் தகரக் கொட்டிலில் இருந்தோம். ஒருநாள் குசினி வாசலில் குந்தியிருந்து விரால் வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பாயில் கிடந்து பிள்ளை காலை உதைத்து விளையாடிக்கொண்டிருந்தான். மீன் கைக்குள் வழுக்கியது. கத்தியை இறுக்கிப் பிடித்த அந்த நொடியில்தான் அது வந்தது: இந்தக் கத்தியால் பிள்ளையை நான் ஏதும் செய்துவிட்டால்?

கத்தியைப் போட்டுவிட்டு எழும்பி ஓடினேன். மிச்ச மீனை மாமிதான் வெட்டினா. அன்றிரவு கத்தியைக் கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக்கு மேலே ஒளித்து வைத்தேன்.

பிறகு கிணறு. கட்டுக் குறைந்த கிணறு என்று இவர் பலகை அடித்து மூடி போட்டுத் தந்தார். படுக்கப் போகுமுன் மூடியைத் தடவி, இழுத்துப் பார்த்துவிட்டு வருவேன். பாயில் சரிந்தவுடன் மனம் கேட்கும், வடிவாய்ப் பார்த்தியா? திரும்பப் போவேன். ஐந்தாம் தரம், ஆறாம் தரம். பிறகு கேள்வி மாறும்: பிள்ளையை நீயே தூக்கிப் போட்டுவிட்டு மறந்துபோனாய் என்றால்? பிள்ளை என் பக்கத்தில் நித்திரை. மூச்சு என் கையில் படுகிறது. அப்படியிருந்தும் டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய், மூடியைத் திறந்து, கிணற்றுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்ப்பேன். தண்ணீர்தான் மினுங்கும். அந்த நிம்மதி வீட்டு வாசலுக்கு வரும்வரை கூட நிற்காது.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, மருந்து இருக்கிறது, பயிற்சி இருக்கிறது என்பது 2019 இல்தான் எனக்குத் தெரிந்தது. ஏழு வருசம் பிந்திவிட்டது. ஓசிடி (OCD) என்கிறார்கள். எண்ணச் சுழற்சி நோய் என்றும் சொல்வார்கள். வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வரும், அதை அடக்க ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும். உங்களுக்கு ஏழு வருசம் போகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், இது அதுதானா என்று பார்ப்போம். வன்னியில் மனசுக்கு எது வந்தாலும் "சண்டையால வந்தது" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2009 ஐக் கடந்து வந்த எங்களுக்கு அந்தப் பாதிப்பு இல்லையென்று யார் சொல்வார்? ஆனால் அது பெரும்பாலும் நடந்ததைத் திரும்பக் காட்டும்: செல் சத்தம், பங்கர், விட்டுவிட்டு வந்த முகம். ஓசிடி பெரும்பாலும் நடக்காததைக் காட்டி, "நடந்துவிட்டால்?" என்று கேட்கும். இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். ஆனால் செய்யவேண்டிய வைத்தியம் வேறு வேறு. அதனால்தான் பிரித்துப் பார்க்கவேண்டும்.

எண்ணம் எப்படியும் இருக்கலாம். வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்கு, கடல்தண்ணியில் விளக்கெரியும் அந்த அம்மனுக்கு முன்னால் கைகூப்பி நின்றபோது, என் மனசுக்குள் அம்மனைப் பார்த்துத் தூஷண வார்த்தை வந்தது. அன்று நான் செத்துப்போகலாம் என்றிருந்தது. சிலருக்கு வாயால் சொல்லக் கூசும் பாலியல் எண்ணங்கள், முறை தவறிய ஆட்களைப் பற்றி வரும். சிலருக்குத் துடக்கு, அழுக்கு. சிலருக்குக் காஸ் பூட்டினேனா என்ற கேள்வி.

இந்த எண்ணங்கள் நோயில்லாத ஆட்களுக்கும் வருகின்றன. எங்கள் நாட்டில் பிறந்த உளவியலாளர் பத்மல் டி சில்வாவும் ஸ்டான்லி ராக்மனும் லண்டனில் சாதாரண ஆட்களிடம் கேட்டு, 1978 இல் எழுதினார்கள்: பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு இதே மாதிரி எண்ணங்கள் வந்து போகின்றன. அவர்கள் "சீ" என்றுவிட்டுக் கறியைக் கிளறுவார்கள். எங்களுக்கு அது ஒட்டிக்கொள்கிறது. ஏனென்றால் நாங்கள் அதற்குப் பதில் சொல்லத் தொடங்குகிறோம். பிள்ளையில் உயிரை வைத்திருப்பவளுக்குத்தான் பிள்ளையைப் பற்றிய எண்ணம் நெருப்பாய்ச் சுடும். அந்தப் பயத்தை வைத்து உங்களைக் கெட்டவர் என்று தீர்க்காதீர்கள்.

அடுத்தது, ஒரு கொப்பி எடுங்கள். மூன்று நாளைக்கு, எண்ணம் வந்தவுடன் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். எண்ணத்தை எழுதக் கூச்சமென்றால் விடுங்கள், செய்ததை எழுதுங்கள். கழுவியது, திரும்பிப் போய்ப் பார்த்தது வெளியே தெரியும். மற்றவை தெரியாது: மனசுக்குள் பதினொரு தரம் "முருகா" சொல்வது, அன்று நடந்ததை முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்பது, கத்தியைக் கண்டால் விலகிப் போவது, வீட்டாரிடம் கேட்டுக்கொண்டே இருப்பது. கடைசியில் சொன்னதுதான் என்னிடம் பெரிசு. "இஞ்சாருங்கோ, நான் பிள்ளைக்கு ஒண்டும் செய்யமாட்டன்தானே?" "நீர் ஒண்டும் செய்யமாட்டீர், படும்." ஒரு இரவில் இருபது தரம் கேட்டிருப்பேன். அந்த மனுசனும் பாசத்தில் இருபது தரமும் பதில் சொன்னார். அந்தப் பதில்தான் நோய்க்குச் சோறு என்று இருவருக்கும் தெரியவில்லை.

இவற்றுக்கெல்லாம் நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகிறதென்றால், அல்லது வேலை, சமையல், நித்திரை குழம்புகிறதென்றால், வைத்தியரிடம் போங்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு இருக்கிறது. காசில்லை. "விசர் கிளினிக்குக்குப் போறாள்" என்று சனம் கதைக்கும் என்று நானும் பயந்தேன். நூல் கட்டினோம், விபூதி போட்டோம். கும்பிடுவதை நான் விடச் சொல்லவில்லை, கிளினிக்கையும் விடாதீர்கள் என்கிறேன்.

அங்கே போய் என்ன சொல்வது என்பது முக்கியம். நான் வெளிநோயாளர் பிரிவுகளில் பல தரம் "தலையிடி, நித்திரை வருதில்லை" என்று மட்டும் சொன்னேன், பனடோலும் விற்றமினும் கிடைத்தன. இப்படிச் சொல்லுங்கள்: "எனக்கு வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வருது. அதை அடக்க ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யிறன். ஒரு நாளைக்கு இத்தனை மணித்தியாலம் போகுது." வாய் வராவிட்டால் கொப்பியை நீட்டுங்கள். நான் கொப்பியைத்தான் நீட்டினேன். வைத்தியர் வாசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "இந்த எண்ணம் வரேக்க உங்களுக்கு விருப்பமா இருக்கோ, பயமா இருக்கோ?" ஏழு வருசத்து அழுகை அந்தக் கதிரையில் வந்தது.

மருந்து பெரும்பாலும் புளுவொக்செற்றின், செர்ட்ரலின் போன்றவை. நித்திரைக் குளிசை அல்ல. முதல் இரண்டு கிழமை வயிற்றைப் பிரட்டலாம், பதகளிப்பாய் இருக்கலாம். முழுப் பலன் தெரியப் பத்துப் பன்னிரண்டு கிழமை எடுக்கும், மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அளவும் கூடலாம். ஒரு மாதத்தில் "இது வேலை செய்யேல்லை" என்று எறிந்தவர்கள் கனபேர். சுகமான பிறகும் ஒரு வருசமாவது எடுக்கச் சொல்வார்கள். சட்டென்று நிற்பாட்டவேண்டாம். வயிற்றில் பிள்ளை, பால் கொடுப்பது என்றால் முதலே சொல்லுங்கள்.

மருந்தோடு சேர்ந்த பயிற்சிதான் என்னை மீட்டது. 1966 இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் எழுதிக் காட்டிய வழியிலிருந்து வளர்ந்தது அது: பயத்துக்கு முன்னால் நில், ஆனால் வழக்கமாய்ச் செய்வதைச் செய்யாதே. உளவளத்துணையாளரோடு இருந்து ஏணி மாதிரி ஒன்று எழுதினோம், பத்துக்கு இத்தனை பயமென்று. கத்தி குசினி மேசையில் கண்முன் கிடப்பது மூன்று. பிள்ளைகள் வீட்டில் நிற்க வெங்காயம் வெட்டுவது ஐந்து. மூடியை ஒரு தரம் மட்டும் பார்ப்பது ஏழு. அப்போது இரண்டு வயதான இளையவள் பக்கத்தில் இருக்க மீன் வெட்டுவது ஒன்பது. மூன்றிலிருந்து தொடங்குங்கள், ஒன்பதில் குதிக்காதீர்கள்.

ஏழாம் படியை எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். இரவு எட்டரைக்கு மூடியை ஒரு தரம் பார்த்தேன். வந்து பாயில் இருந்தேன். நெஞ்சு அடித்தது, உள்ளங்கை வேர்த்தது, கால் தானாக எழும்பப் பார்த்தது. மனம் கேட்டது, பூட்டினியா? நான் "ஓம்" என்று சொல்லவில்லை. "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், நான் எழும்பமாட்டன்" என்றேன். அதற்குமேல் வாதாடவில்லை. கந்தசஷ்டி சொல்லவில்லை, ஏனென்றால் பயத்தை அணைக்கச் சொல்லும் கவசமும் அந்த நேரத்தில் மூடியைத் தடவுவது போலத்தான். ஒன்பதேகாலுக்குப் பயம் பாதியாய் இறங்கியது. மறுநாளும் வந்தது. இரண்டாம் கிழமைதான் நித்திரை கொண்டேன். முழுதாய் முடியாத நாளில் பத்து நிமிசம் பிந்திப் போய்ப் பாருங்கள், அடுத்த நாள் இருபது. கிணறு மூடியிருக்கத்தான் வேண்டும், குழந்தையைத் திறந்த கிணற்றடியில் விடுவது பயிற்சியல்ல. ஒரு தரம் பார்ப்பது தாயின் வேலை, ஏழாம் தரம் பார்க்கச் சொல்வது நோய்.

வீட்டாருக்கு ஒரு சொல். பதில் சொல்வதைத் திடீரென்று நிறுத்தினால் ஆள் தவித்துப்போவார். முதலே கதைத்து ஒரு வசனத்தை ஒத்துக்கொள்ளுங்கள். இவர் சொல்வது: "உது நோய் கேக்கிற கேள்வி, நான் பதில் சொல்லேல்லை. வாரும், தேத்தண்ணி குடிப்பம்." முதல் நாள் அவரோடு கோபித்தேன். ஆனால் அவர் தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார்.

காத்திருக்கக்கூடாத நிலைமைகளும் இருக்கின்றன. செத்துவிடவேண்டும் என்ற எண்ணம் திட்டமாக மாறினால், ஆளில்லாமல் குரல் கேட்டுக் கட்டளையிட்டால், பிள்ளை பெற்ற தாய் நித்திரையில்லாமல், பிள்ளையில் பேய் இருக்கிறது என்று உறுதியாய் நம்பினால், கிளினிக் நாள் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், தனியே விடாதீர்கள். 1990 க்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம்.

எனக்கு இப்போதும் காய்ச்சல், நித்திரைக் குறைவு, மாரி மழையில் கிணறு நிரம்பும் நாட்களில் அது எட்டிப் பார்க்கும். அப்போது ஏணிக் கொப்பியை எடுத்து மூன்றாம் படியில் திரும்பத் தொடங்குவேன். கொப்பியைக் கிளினிக் கொப்பியோடு ஒரே பையில் வைத்திருங்கள். வைத்தியர்மார் மாறுவார்கள், புது ஆளிடம் முதலிலிருந்து சொல்லவேண்டி வரும். அதை நீட்டினால் போதும்.