நாலு நாள் கணக்கு: தோட்டத்தில் அடிபட்டால் செய்யக்கூடாத தவறுகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் குலை வெட்டிக்கொண்டிருந்தபோது மட்டை ஒன்று தோளில் விழுந்தது. மண்டோர் (மேற்பார்வையாளர்) அவரை மோட்டாரில் ஏற்றி டவுன் கிளினிக்குக் கொண்டுபோனார். மூன்று நாள் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு. நாலாம் நாள் விடியற்காலை பெரட்டில் (வேலைக்கு ஆள் கூடும் இடம்) வந்து நின்றவரிடம், “கழி தூக்க வேணாம், உதிரிப் பழம் பொறுக்குங்க” என்றார்கள். சம்பளம் போகாமல் தப்பித்ததே என்று அண்ணனுக்கும் நிம்மதி. எட்டு மாதம் கழித்து அந்தக் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. வேலையில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு தரும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குப் போய் நின்றால், விபத்து நடந்ததற்கு எங்கேயும் ஒரு வரி கிடையாது.

எம்.சி. முடிந்து லேசான வேலைக்குத் திரும்பினால் விவகாரம் முடிந்தது என்று நினைப்பதுதான் நம் ஆட்கள் அதிகம் செய்யும் தவறு. விபத்துகளை அறிவிப்பது பற்றிய 2004-ஆம் ஆண்டு விதிமுறை வேறு மாதிரி கணக்குப் பார்க்கிறது. அடிபட்டவர் தன் வழக்கமான வேலையை நாலு நாளுக்கு மேல் செய்ய முடியாமல் போனால், முதலாளி ஏழு நாளுக்குள் ஜே.கே.கே.பி.-க்கு, அதாவது தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கு, அறிக்கை அனுப்ப வேண்டும். நாலு நாள் என்பது காலண்டர் நாள், ஞாயிறும் சேர்த்தி. வெட்டுக்காரருக்கு வழக்கமான வேலை வெட்டுவது. பழம் பொறுக்கிக்கொண்டிருந்த நாளெல்லாம் அந்தக் கணக்கில்தான் ஏறும். சொக்சோவுக்கு இன்னும் அவசரம், விபத்து பற்றித் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொல்லியாக வேண்டும். எம்.சி. சீட்டைக் கிராணியிடம் (தோட்ட ஆபீஸ் குமாஸ்தா) கொடுக்கும்போதே “ரிப்போர்ட் போட்டாச்சா?” என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும். சீட்டைக் கொடுக்கும் முன் ஒரு நகல் எடுத்துக்கொள்வதும் நல்லது.

உயிரே போய்விட்டாலோ பலத்த காயம் என்றாலோ, இடத்தைக் கழுவிச் சுத்தம் செய்துவிடுவது அடுத்த தவறு. குலை வெட்டும் அலுமினியக் கழி மின்கம்பியில் பட்டு ஆள் இறப்பது செம்பனைத் தோட்டங்களுக்குப் புதிதல்ல. அப்படி நடந்தால் ஆளைக் காப்பாற்றுவது, மேலும் சேதம் வராமல் தடுப்பது போன்ற அவசரத்துக்குத் தவிர, அதிகாரியின் அனுமதி இல்லாமல் அந்த இடத்தில் கை வைக்கக்கூடாது. விழுந்த கழியை எடுத்து ஸ்டோரில் சாத்திவிட்டால், அது எந்தக் கம்பியில் எந்த உயரத்தில் பட்டது என்பது அதோடு போச்சு.

சரி, இதையெல்லாம் ஜே.கே.கே.பி. ஆட்களே வந்து பார்க்க மாட்டார்களா? கங்காணி மாதிரி தினமும் சுற்றி வருவார்கள் என்று எதிர்பார்க்கக்கூடாது. 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமே, ஆபத்தை உண்டாக்குகிறவர்தான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. அதிகாரி எந்த வேலையிடத்துக்குள்ளும் நுழையலாம், குறையைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம், வேலையை நிறுத்தச் சொல்லலாம், கோர்ட்டுக்கும் கொண்டுபோகலாம். ஆனால் அவர் வருவதற்குப் பெரும்பாலும் யாராவது புகார் எழுதிப் போட்டிருக்க வேண்டும்.

எழுதுவதிலும் கோட்டை விடுகிறோம். “எங்கள் தோட்டத்தில் பாதுகாப்பே இல்லை ஐயா” என்று எழுதினால் அந்த அதிகாரி எங்கே போய் நிற்பார்? எந்த பிளாக், என்ன தேதி, எத்தனை பேர் களைக்கொல்லி மருந்து அடித்தார்கள், டின்னில் ஒட்டியிருந்த பெயர் என்ன, முதுகில் சுமக்கும் பம்ப் எந்த மூட்டில் ஒழுகுகிறது, இதெல்லாம் வேண்டும். லேபிளை போனில் படம் பிடித்தால் போதும். (பேரகுவாட் என்ற களைக்கொல்லி 2020-இல் தடையானதால் இனி மருந்தில் விஷமே இல்லை என்று சிலர் வெறுங்கையோடு கலக்குகிறார்கள். என் பெரியம்மா அந்தக் காலத்தில் மருந்து அடித்தவர். அவர் கை நகங்களைப் பார்த்தவர்கள் எந்த மருந்தையும் அப்படிக் கலக்க மாட்டார்கள்.)

இலாகா மாறிப் போவதும் உண்டு. சம்பளப் பாக்கிக்கும், தோட்டக் குடியிருப்பான லயத்து வீடு ஒழுகுவதற்கும் தொழிலாளர் இலாகா. மருந்து, இயந்திரம், விபத்து என்றால் ஜே.கே.கே.பி.; பேராக்காரர்களுக்கு ஈப்போவில் அலுவலகம் இருக்கிறது. இழப்பீட்டுக்கு சொக்சோ. மூன்றுக்கும் ஒரே கடிதம் எழுதினால் மூன்று மேசையிலும் தூங்கும்.

கையுறை, பூட்ஸ் வாங்காமலேயே புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாளைக்கு அதிகாரி கேட்டால் உங்கள் கையெழுத்தைத்தான் நீட்டுவார்கள். சட்டப்படி முதலாளி தர வேண்டிய பாதுகாப்புச் சாமானுக்குச் சம்பளத்தில் காசு பிடிக்கவும் கூடாது. புகார் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவதும் குற்றம்.

அப்புறம் கண்டிராக்டர்கள். “நம்மகிட்ட ஆறு பேர்தானே, இதெல்லாம் பெரிய கம்பெனிக்கு” என்கிறார்கள். 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கும், அந்த 1994 சட்டத்தின் திருத்தப்படி, ஐந்து பேர் வேலை செய்தாலே, தனிப் பாதுகாப்பு அதிகாரி வைக்கத் தேவையில்லாத இடத்தில், ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராகப் போட வேண்டும். கண்டிராக்டர் ஆள் என்று தோட்டமும் கைகழுவ முடியாது. முதலாளியின் முக்கியக் கடமைகளை மீறினால், முன்பு 50,000 வெள்ளியாக (ரிங்கிட்) இருந்த உச்ச அபராதம் இப்போது 500,000 வெள்ளி. கம்பி தொடும் மரம் மாதிரி உடனடி ஆபத்தை முதலாளியிடம் சொல்லியும் அவர் எதுவும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளும் உரிமையும் அதே திருத்தத்தில் வந்தது.

அண்ணன் இப்போது சட்டைப்பையில் ஒரு 555 புத்தகம் வைத்திருக்கிறார், மளிகைக் கடைக் கடன் எழுதுவோமே அதே குட்டிப் புத்தகம். போன வாரம் காட்டினார். “பிளாக் 12, காலை ஒன்பதரை, கண்ணில் தூசி, மண்டோரிடம் சொன்னேன்” என்று இடது கையால் கோணல்மாணலாக எழுதியிருந்தது.