மனம் மாறட்டும், பிறகு சாப்பிடட்டும் என்று காத்திருக்கலாமா?

அனோரெக்சியா நெர்வோசா என்னும் நோயால் உணவைக் குறைத்துக்கொண்டே போகும் பிள்ளையைப் பார்த்து, ‘இவள் மனதில் என்ன குறை?’ என்று பெற்றோர் கேட்பது இயல்பு. அதற்கு விடை தெரிந்த பிறகுதான் சாப்பாட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் பெருந்தவறு.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் தொடங்கிய ஆய்வில், உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்கள் ஏறத்தாழ ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைக்கப்பட்டனர். எடையில் சுமார் கால் பங்கை இழந்த நிலையில், தட்டில் இருந்த கொஞ்ச உணவை அவர்களில் பலர் நெடுநேரம் கிளறிக் கிளறி உண்டார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், எதற்கெடுத்தாலும் சிடுசிடுத்தார்கள், கூடியிருந்தவர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். அரை இட்லியை முக்கால் மணி நேரம் பிய்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் நாம் ‘பிடிவாதம்’ என்று சொல்வதில் பெரும்பகுதி பட்டினி செய்யும் வேலை. உடல் எடை மீளாமல் மனத்துக்கான பேச்சுச் சிகிச்சை முழுப்பலன் தராததற்கும் இதுவே முக்கியக் காரணம். ஆனால் இந்த ஆய்வை வைத்து, வயிறு நிறைந்தால் நோய் போய்விடும் என்று முடிவுகட்டுவதும் தவறு. அந்த இளைஞர்கள் உணவுக்கு ஏங்கினார்கள், நோயாளியோ உணவைக் கண்டு அஞ்சுகிறார்.

வெகுநாள் பட்டினி கிடந்த உடலுக்கு, அவசரப்பட்டு வீட்டிலேயே நிறைய ஊட்டுவதும் ஆபத்தானது. இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை திடீரெனக் குறைந்து, இதயத் துடிப்பே தடுமாறக்கூடும் என்பதால், மருத்துவர் மேற்பார்வையில், இரத்தப் பரிசோதனையோடு உணவைக் கூட்ட வேண்டும்.

‘பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாள்’ என்ற சமாதானமும் பலரை ஏமாற்றியிருக்கிறது. பருமனாக இருந்தவர் குறுகிய காலத்தில் வெகுவாக இளைத்தால், எடை சராசரியாகத் தெரியும்போதே நாடித்துடிப்பு அபாயகரமாகக் குறைந்திருக்கலாம். அதேபோல, ‘குண்டாகிவிடுவேன்’ என்று சொன்னால்தான் இந்த நோய் என்பதும் இல்லை: ஹாங்காங்கில் 70 நோயாளிகளை ஆராய்ந்து சிங் லீயும் சக ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோரிடம் அந்த அச்சமே காணப்படவில்லை, வயிறு உப்புசம், பசியில்லை என்பன போன்ற காரணங்களையே சொன்னார்கள். நம் வீடுகளில் இத்தகைய பேச்சு நேரே வயிற்று மருத்துவரிடம் போய் நின்றுவிடுகிறது.

பெற்றோரின் வளர்ப்பே காரணம் என்று குற்றம்சாட்டி அவர்களை விலக்கிவைப்பது பழைய வழக்கம். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் 1987ஆம் ஆண்டு ஆய்வில், 19 வயதுக்கு முன் நோய் தொடங்கி, அது நாள்பட்டதாக மாறியிராதவர்களுக்குத் தனிநபர் சிகிச்சையைவிடக் குடும்பச் சிகிச்சையே கூடுதல் பலன் தந்தது. அந்த வழியில் வளர்ந்த சிகிச்சைமுறையில், தொடக்கத்தில் என்ன, எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பெற்றோரே முடிவுசெய்து உடன் உட்கார்ந்து உண்ணவைக்கிறார்கள். எடை சீரான பிறகு அந்தப் பொறுப்பு சிறிது சிறிதாகப் பிள்ளையிடம் திரும்புகிறது. எடை கூடியதைப் பார்த்த மகிழ்ச்சியில், ‘இனி நீயே பார்த்துக்கொள்’ என்று ஒரே நாளில் கைவிட்டுவிடக் கூடாது.