கொலுசிலிருந்து தொடங்குங்கள்: ஸ்பெயின் அமெரிக்காவைப் பிடித்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்வது எப்படி

"1492-ல் கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்தார்" என்று ஒரு வரி படித்துவிட்டுப் போகிற பிள்ளைக்குக் கப்பல் நினைவிருக்கும், அந்தக் கரையில் ஏற்கெனவே கோடிக்கணக்கில் வாழ்ந்துகொண்டிருந்த மக்கள் நினைவிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு என்ன நடந்தது என்பதுதான் சொல்ல வேண்டிய கதை. சேலத்துப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல நம்மிடம் நல்ல பிடி ஒன்று இருக்கிறது, வெள்ளி. வீட்டில் கிடக்கும் பழைய கொலுசு ஒன்று, உலக வரைபடம், ஏழெட்டுப் பிள்ளைகள், இவ்வளவு போதும்.

முதலில் கொலுசைக் கையில் கொடுங்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தெரிந்தவர் பட்டறை இருந்தால், வெள்ளியை உருக்கிக் கம்பி இழுப்பதை ஒரு நடை காட்டிவிட்டு வருவது இன்னும் நல்லது. இது மண்ணுக்குள்ளிருந்து எப்படி வெளியே வருகிறது, யார் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் வராது, பரவாயில்லை. இப்போது வரைபடத்தை விரித்து, இன்றைய பொலிவியாவில் இருக்கும் பொட்டோசியைக் காட்டுங்கள். 1545-ல் அங்கே ஒரு மலையில் வெள்ளி இருப்பது ஸ்பெயின்காரர்களுக்குத் தெரிந்தது, அதிலிருந்து அந்த மலை உலகத்துக்கே வெள்ளி கொடுத்தது. உயரம் புரிய ஏற்காடு போதும்: இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் சுமார் 1,500 மீட்டர், அதற்கே ஸ்வெட்டர் தேடுகிறோம். பொட்டோசி ஊர் இருப்பது ஏறக்குறைய 4,000 மீட்டரில், சுரங்கம் அதற்கும் மேலே.

இனி ஏழு பேரை வரிசையாக நிற்கவைத்து ஒருவரை மட்டும் வெளியே கூப்பிடுங்கள். 1570-களில் பெருவின் வைஸ்ராய் பிரான்சிஸ்கோ டி டொலேடோ போட்ட ஏற்பாடு இதுதான். மலைநாட்டு மாகாணங்களில் வேலை செய்யும் வயதுள்ள ஆண்களில் ஏழு பேருக்கு ஒருவர் வீதம், வருடத்துக்குச் சுமார் 13,500 பேர், பொட்டோசிக்குப் போயே தீர வேண்டும். மித்தா என்று பெயர். முறைவைத்துப் பொதுவேலை செய்யும் வழக்கம், ஸ்பெயின்காரர்களுக்கு முன் அங்கே ஆண்ட இன்காக்களின் ஆட்சியிலேயே இருந்ததுதான், டொலேடோ அதைச் சுரங்கத்தின் பக்கம் திருப்பிவிட்டார். பெண்டு பிள்ளைகளையும், சுமை தூக்கும் லாமா என்ற விலங்குகளையும் ஓட்டிக்கொண்டு வாரக்கணக்கில் நடந்து வந்தவர்கள், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கல்மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு ஏணி ஏணியாக மேலே ஏறினார்கள். கல்லைப் பொடித்துப் பாதரசம் கலந்துதான் வெள்ளியைப் பிரித்தார்கள், அதைக் காய்ச்சும்போது வரும் ஆவி உடம்புக்குள் போனால் கை நடுங்கும், பல் ஆடும். அந்தப் பாதரசம் வந்த, பெருவில் இருக்கும் ஹுவாங்காவெலிக்கா சுரங்கம் இதைவிட மோசமான இடம்.

இங்கே அவசரப்படாதீர்கள். வரிசையில் மிச்சம் நிற்கும் ஆறு பேரிடம், போனவனுடைய நிலத்தை யார் உழுவது, அடுத்த வருடம் யார் போவது என்று அவர்களே முடிவு செய்யச் சொல்லுங்கள். சண்டை வரும், வரட்டும். அப்புறம் ஒருவரை ஊரைவிட்டு ஓடிப்போனதாக விலக்கிவிட்டு, ஆள் குறைந்தாலும் கணக்கு குறையாது என்று சொல்லுங்கள். நடந்ததும் அதுதான், மக்கள் செத்தும் ஓடியும் ஊர்கள் காலியான பிறகும் பழைய கணக்குப்படியே ஆள் கேட்டார்கள், பாரம் இருப்பவர் தலையில் விழுந்தது. 1812 வரை சட்டப்படி நடந்த ஏற்பாடு இது.

இதற்குப் பிறகு 1492-க்குத் திரும்பினால் பிள்ளைகள் வேறு கண்ணோடு கேட்பார்கள். கரீபியன் கடலில் இருக்கும் ஹிஸ்பானியோலா தீவில் கொலம்பஸ் விதித்த வரியைக் கட்டாயம் சொல்லுங்கள்: பொன் கிடைக்கும் பகுதியில் 14 வயதுக்கு மேற்பட்ட, அந்தத் தீவின் பூர்வகுடிகளான டாயினோ மக்கள் ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேட்டைப் பருந்தின் காலில் கட்டும் மணி நிறையப் பொன்தூள் கொடுக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் வயது அது. மெக்சிகோவின் அஸ்டெக் சாம்ராஜ்யத்தைச் சாய்த்த கோர்டெஸ், பெருவின் இன்கா சாம்ராஜ்யத்தைச் சாய்த்த பிஸாரோ, இவர்கள் கதைகளைச் சுருக்கமாகவே வையுங்கள், சினிமா மாதிரி சுவாரசியமாக இருப்பதால் பிள்ளைகள் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். ஒன்றை மட்டும் விடக்கூடாது. சில நூறு பேர் ஒரு சாம்ராஜ்யத்தைச் சாய்த்தார்கள் என்பது பாதிக்கதை, 1521-ல் அஸ்டெக் தலைநகர் விழுந்தபோது கோர்டெஸோடு அஸ்டெக்குகளின் எதிரிகளான டிலாக்ஸ்காலா மக்களின் வீரர்கள் ஆயிரக்கணக்கில் நின்றார்கள், அதற்கு முந்தைய வருடமே பெரியம்மை ஊருக்குள் புகுந்து மக்களைக் கொன்றுபோட்டிருந்தது.

நோய்தான் கொன்றது, யாரை என்ன சொல்வது என்று சிலர் முடித்துவிடுவதை நான் ஏற்க மாட்டேன். பெரியம்மையும் மணல்வாரியும் அங்கே புதிது, உண்மை. ஆனால் பசியோடு, கட்டாய வேலையில், சொந்த ஊரிலிருந்து பெயர்த்து வேறிடத்தில் அடைக்கப்பட்டவர்கள் நோயிலிருந்து எப்படி எழுவார்கள்? முதலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய வேறுபாடு உண்டு. அதனால் ஒரே எண்ணைச் சொல்லி மனப்பாடம் செய்யவைக்காமல், ஒன்றரை நூற்றாண்டுக்குள் பல பகுதிகளில் பத்தில் எட்டு, ஒன்பது பேர் இல்லாமல் போனார்கள் என்று சொல்லுங்கள். அப்புறம் வேலைக்கு ஆள் வேண்டி ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஸ்பெயின்காரர்களிலேயே எதிர்த்தவர்கள் இருந்தார்கள். 1511-ல் அதே ஹிஸ்பானியோலா தீவின் சாண்டோ டொமிங்கோ நகரில் அன்டோனியோ டி மொன்டெசினோஸ் என்ற பாதிரியார் பிரசங்க மேடையிலேயே, இவர்கள் மனிதர்கள் இல்லையா என்று கேட்டார். அதைவிட முக்கியம், அந்த மக்களே எதிர்த்ததைச் சொல்வது. 1780-ல் இரண்டாம் துபாக் அமாரு தலைமையில் ஆண்டிஸ் மலைநாடே எழுந்தது. அந்த மலைநாட்டு மக்களின் கெச்சுவா இன்றும் பல லட்சம் பேர் பேசுகிற மொழி. எல்லோரும் அழிந்துபோனார்கள் என்று கதையை முடித்தால் இருக்கிறவர்களையும் இல்லாமல் ஆக்குகிறோம்.

மிளகாய், தக்காளி, நம் மரவள்ளி எல்லாம் அந்த மக்கள் விளைவித்துக் காத்த பயிர்கள் என்பதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். கொலுசைக் காட்டி இது பொட்டோசி வெள்ளி என்று மட்டும் அளக்காதீர்கள். ஸ்பானிய வெள்ளி நாணயங்கள் சூரத் வழியாக வந்து முகலாயர் அக்கசாலைகளில் ரூபாயானது உண்மை, அவ்வளவு சொன்னால் போதும்.

நம் ஊரிலும் இப்படி நடந்ததா என்று யாராவது கேட்பார்கள். 1792-ல் திப்புவிடமிருந்து சேலம் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனதிலிருந்து ஆரம்பித்து, வரி யார் கட்டினார்கள், மலையில் காப்பித் தோட்டம் வந்தபோது நிலம் யாருடையது, கூலிக்கு வந்தவர்கள் யார் என்று அதே கேள்விகளை இங்கேயும் கேட்கவையுங்கள். இதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள், ஒரே உட்காரலில் இரண்டையும் திணித்தால் எதுவும் நிற்காது. பத்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இன்கா அரசர் அட்டவால்ப்பாவைப் பிஸாரோ ஆட்கள் கொன்ற விதம், சித்திரவதை எல்லாம் வேண்டாம், ஏழு பேரில் ஒருவர் விளையாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.