பழ மசாலாத் தேநீர்: கசப்பு பிறகுதான் வரும்

சென்ற வாரம் என் நாத்தனார் மகள் அம்மாபேட்டையிலிருந்து எங்கள் ஏற்காடு மலைக்கு வந்திருந்தாள். மாலை ஐந்து மணிக்கே பனி இறங்கி எதிர்வீடு மறைந்துவிட்ட நேரத்தில், "அத்தை, நீங்க உக்காருங்க, இன்னைக்கு நான் பழ டீ போடுறேன்" என்று அடுப்படிக்குள் போனாள். நான்கு கமலா ஆரஞ்சுகளைக் குறுக்கே இரண்டாக அறுத்து, பட்டை, கிராம்பு, ஏலக்காய், தேயிலை எல்லாவற்றோடும் சேர்த்துத் தண்ணீரில் போட்டு அடுப்பைப் பெரிதாக எரியவிட்டாள். முதன்முதலில் இந்தத் தேநீரைப் போட்டபோது நானும் இதையேதான் செய்தேன். எனக்குப் பின் கற்றுக்கொண்ட பலரும் இதையேதான் செய்கிறார்கள். புளிப்புப் பழத்தோடு பால் சேர்த்தால் திரியும், இனிப்பு கூடினால் திகட்டும் என்பன எவரும் சொல்லாமலே தெரிந்தவை. ஆகையால் அவற்றை விட்டுவிட்டு, பலரும் அறியாமல் செய்கிறவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஆரஞ்சைத் தோலும் கொட்டையுமாகக் கொதிக்கவிடுவது

இந்தத் தவற்றை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், பொங்கலுக்கு முந்தைய இரவு, எங்கள் வீட்டில் உறவினர் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். தோட்டத்துக் கமலா ஆரஞ்சு ஒரு கூடை வந்திருந்தது. இந்த மலையில் காப்பிச் செடிகளுக்கு நடுவே விளையும் அந்தப் பழத்துக்கு மணம் அதிகம், கொட்டையும் அதிகம். நான்கு டஜன் பழங்களை அப்படியே அறுத்து அண்டாவில் போட்டு, மசாலாவோடு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தேன். ஆறு மணிக்குச் சுவைத்துப் பார்த்தபோது அருமையாக இருந்தது. எட்டரை மணிக்குச் சூடாக்கி முதல் தம்ளரை என் மாமனாரிடம் கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, எதுவும் சொல்லாமல் தம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டார். வேப்பிலைச் சாறு போலக் கசந்தது. இரண்டு கிலோ வெல்லம் கரைத்தும் கசப்பு போகவில்லை. இனிப்பு ஒரு பக்கமும் கசப்பு ஒரு பக்கமுமாகத் தனித்தனியே நாக்கில் நின்றன. கடைசியில் அண்டாவோடு வாழைக்குக் கொண்டுபோய் ஊற்றினேன்.

இந்தத் தவறு எரிச்சலூட்டுவதற்குக் காரணம், சுவைத்துப் பார்க்கும்போது அது தன்னைக் காட்டிக்கொள்ளாததுதான். ஆரஞ்சின் கொட்டையிலும், தோலுக்கும் சுளைக்கும் இடையிலுள்ள வெள்ளைப் பகுதியிலும், சுளையைச் சுற்றிய சவ்விலும் ஒரு பொருள் இருக்கிறது. பழம் முழுதாக இருக்கும்வரை அதற்குக் கசப்பு கிடையாது. அறுத்து நசுங்கியபின் பழத்தின் புளிப்புச் சாறு அதனோடு கலக்கும்போது, அது சிறிது சிறிதாக லிமோனின் என்னும் கசப்புப் பொருளாக மாறுகிறது. சூடு அந்த மாற்றத்தை விரைவுபடுத்துகிறது. ஆகவே, இறக்கியவுடன் சுவைத்து "நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அப்போது அது நன்றாகத்தான் இருக்கிறது. என் நாத்தனார் மகளும் அதையேதான் சொன்னாள். இரவு உணவுக்குப் பின் மீதியைச் சூடாக்கிக் குடித்தபோதுதான் அவள் முகம் மாறியது.

இஞ்சிக்குப் புற நஞ்சு, கடுக்காய்க்கு அக நஞ்சு என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆரஞ்சுக்கோ கொட்டையிலும் வெள்ளையிலும்தான் கெடுதல். மேல்தோலின் எண்ணெயும் சுளையின் சாறும் நமக்கு வேண்டியவை. ஆகையால் இவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். முதலில் பழத்தை வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவுங்கள். கடைப் பழமானால் மேலே மெழுகு பூசியிருக்கலாம். கமலா ஆரஞ்சின் தோல் தளர்வாக இருப்பதால் தோல்சீவி அதில் பிடிக்காது. கையால் உரித்து, தோலைப் பலகையில் கவிழ்த்து, கரண்டியின் முனையால் உள்வெள்ளையைச் சுரண்டிவிடுங்கள். தோலின் நிறம் பின்பக்கமும் தெரியும் அளவுக்கு மெலிந்தால் சரியான பதம். அந்தத் தோலை மடித்து அடுப்புச் சுடர் அருகே பிழிந்தால் பொறிபொறியாகப் பறக்கும். அந்த எண்ணெய்தான் தேநீருக்கு மணம் கொடுக்கிறது. இரண்டு விரலளவுத் தோல் துண்டுகளை மட்டும் கடைசி ஐந்து நிமிடம் மசாலா நீரில் போட்டால் போதும். சுளைகளைக் கொட்டையும் நாரும் நீக்கிப் பிழிந்து, அந்தச் சாற்றை அடுப்பை அணைத்து வடிகட்டிய பிறகே சேருங்கள். கொட்டையை மிக்சியில் அரைத்துவிட்டால் வடிகட்டியும் பயனில்லை.

மலையில் தண்ணீர் கொதிப்பதை நம்பிவிடுவது

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு; ஆகவே தண்ணீர் 100 டிகிரிக்கு வராமல், ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சேலத்தில் பத்து நிமிடத்தில் சாறு இறங்கிய பட்டையும் சுக்கும் இங்கே அதே பத்து நிமிடத்தில் பாதிதான் இறங்கினது போல இருக்கும். அடுப்பைப் பெரிதாக்குவதால் சூடு கூடாது, நீர்தான் வற்றும். நான்கு தம்ளர் தண்ணீருக்கு இரண்டு அங்குலப் பட்டை, மூன்று கிராம்பு, இரண்டு ஏலக்காய், நான்கு மிளகு, தோல் சுரண்டித் தட்டிய அரை அங்குலச் சுக்கு ஆகியவற்றைச் சேர்த்து, சிறு தீயில் மூடி வைத்து, மலையிலானால் பதினைந்து முதல் இருபது நிமிடம் விடுங்கள். மூடியைத் திறந்து வைத்தால் வீடு மணக்கும், தேநீர் மணக்காது.

மசாலாவை மாவாகப் பொடிப்பது

கலங்கும், அடியில் மண்டி தங்கும், தடித்த பட்டையானால் வழவழப்பும் சேரும். அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாகத் தட்டினால் போதும்.

அன்னாசிப்பூ

நான்கு பேருக்கு ஒன்று. இரண்டாவது பூ மருந்தாக்கிவிடும்.

தேயிலையையும் சேர்த்துக் கொதிக்கவிடுவது

பால் டீ போட்டுப் பழகியவர்களின் கை இதைத் தானாகவே செய்துவிடுகிறது. பாலிலுள்ள புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால், அங்கே எவ்வளவு கொதித்தாலும் நாக்கு அவ்வளவாகச் சுருங்குவதில்லை. பழத் தேநீரில் அந்தத் துவர்ப்பை அடக்க எதுவும் இல்லை. கூடவே பழத்தின் புளிப்பும் சேர்வதால் தொண்டை வரை பிடிக்கும். மசாலா நீர் தயாரானதும் அடுப்பை அணைத்து, இரண்டு சிறு கரண்டித் தேயிலை தூவி, மூன்று நிமிடம் மூடிவைத்து உடனே வடிகட்டிவிடுங்கள். சாறு சேர்த்ததும் நிறம் வெளிறினால் பயப்பட வேண்டாம். புளிப்பு பட்டால் தேநீரின் நிறம் இயல்பாகவே குறையும். நிறம் போதவில்லை என்று மேலும் தேயிலை போடுகிறவர்களை நான் தடுத்திருக்கிறேன்.

பாத்திரம்

ஈயம் பூசாத பித்தளையும் அலுமினியமும் புளிப்புப் பழத்துக்கு ஆகா. எவர்சில்வர் போதும்.

கருப்பட்டி

சுக்குக் காப்பிக்குக் கருப்பட்டியைப் போல் பொருந்துவது வேறில்லை. ஆனால் அதன் மணம் பலமானது. ஆரஞ்சை முழுவதுமாக மூடிவிடும். இதற்குப் பனங்கற்கண்டு நல்லது. தேன் சேர்ப்பதானால், தம்ளரில் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் சேருங்கள்.

மீந்ததைப் பழத்தோடு மூடிவைப்பது

அழகுக்காக மிதக்கவிட்ட ஆரஞ்சு வட்டங்களை முதலில் எடுத்துவிடுங்கள். ஆப்பிள் துண்டுகள் இருந்தால் கெடுதல் இல்லை. மசாலா நீரை மட்டும் தனியே வடிகட்டிக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாளும் நன்றாக இருக்கும். தேயிலையையும் சாற்றையும் குடிக்கும் வேளையில் புதிதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.